மன்னர் மரபு கண்ட தமிழாசிரியர்

சென்னையினின்று அரக்கோணத்திற்குச் செல்லும் இருப்புப்பாதையில், திருவள்ளூருக்கு மேற்கே திருவாலங்காடு என்னும் நிலையம் ஒன்று உண்டு. அந்நிலையத்திற்குச் சிறிது தொலைவில் அப்பெயருடைய பழம்பதி அமைந்துள்ளது. கூத்தப்பெருமானுக்குரிய ஐந்து சபைகளுள் இரத்தின சபை விளங்கும் இடம் அது. காரைக்காலம்மையார் தலையால் நடந்து சென்று வழிபட்ட தலம் என்று சைவர்கள் போற்றுவதும் அதுவே. சமயத்தால் சிறப்புற்ற இவ்வூர், தமிழ்நாட்டு வரலாற்றாலும் சிறப்புற்றது. 1905ஆம் ஆண்டில் இங்கிருந்து வெளிப்பட்ட செப்பேடுகளே அச்சிறப்புக்குக் காரணம்.

இவ்வூர் அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்குப் பகுதியிலுள்ள கும்மிடிப்பூண்டி, இன்று தொழிற்சாலைகள் நிறைந்த ஊராகும். அங்கே இரும்பை உருக்கியும் உருட்டியும் கம்பியும் சட்டமுமாக ஆக்கும் ஆலைகள் பல இயங்குகின்றன. மாழையைக் காய்ச்சித் தமக்கு வேண்டிய உருவில் ஆக்கிக்கொள்ளும் திறன் நம்மவர்க்குப் புதிதன்று. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே செம்பைத் தகடாக்கி, அத்தகட்டில் ஓர் அரச மரபின் வரலாற்றைப் பொறித்துவைத்தனர் நம் முன்னோர். அவர்கள் பொறித்துவைத்ததைப் படித்துப் பொருள் கண்டு, பிற சான்றுகளோடு ஒத்திட்டு, சோழர் குலத்திற்குத் தமிழில் விரிவான சரித்திரம் வரைந்தவர் ஒரு தமிழாசிரியர். அவரே தி. வை. சதாசிவ பண்டாரத்தார்.

செப்பேடு கூறும் மரபு

திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 31 பெரிய இதழ்களை உடையவை. அவ்விதழ்கள் ஒரு வளையத்திற் கோக்கப்பட்டுச் சோழர் இலச்சினையால் முத்திரையிடப் பெற்றுள்ளன. அவ்விலச்சினையில் சோழரது புலியும் பாண்டியரது இணைக்கயலும் சேரரது வில்லும் காணப்படுகின்றன. முதல் இராசேந்திர சோழன், தனது ஆறாம் ஆட்சியாண்டில், பழையனூர் என்னும் ஊரைத் திருவாலங்காட்டு இறைவனுக்கு அளித்த செய்தியைச் சொல்வதே இவற்றின் நோக்கம். அவ்வாண்டு கி. பி. 1018ஐ ஒட்டியதாகும். கொடையளித்த ஊரின் எல்லையைப் பெண்யானையை நடத்திச் சென்று வரையறுத்த முறையும் இவற்றில் கூறப்பட்டுள்ளது.

இச்செப்பேடுகள் வடமொழிப் பகுதி, தமிழ்ப் பகுதி என இரு பகுதிகளை உடையன. வடமொழிப் பகுதியில் சோழ மன்னரின் மரபுவழி முறையாகச் சொல்லப்படுகிறது. விசயாலயன் தஞ்சையைக் கைப்பற்றியதும், அவன் மகன் ஆதித்தன் பல்லவ மன்னன் அபராசிதனை வென்று அவன் நாட்டைக் கொண்டதும், பின்வந்தோர் ஒருவர்பின் ஒருவராக அரியணை ஏறியதும் இப்பகுதியால் விளங்குகின்றன. எச். கிருஷ்ண சாத்திரியார் இச்செப்பேடுகளைப் பதிப்பித்து, 1920இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்னும் வரிசையின் மூன்றாந் தொகுதியில் வெளியிட்டார். அதனால் இவை அறிஞர் பலர்க்கும் பயன்படலாயின.

பழம்பொருளில் எழுதியிருப்பது என்பதற்காகவே ஒன்றை மெய்யெனக் கொள்ளுதல் ஆராய்ச்சியாகாது. இச்செப்பேடே அதற்குச் சான்றாகும். கொடை வழங்கப்பட்டது ஆறாம் ஆட்சியாண்டில். ஆனால் வடமொழிப் பகுதியோ அதற்குச் சில ஆண்டுகட்குப் பின்னர் நிகழ்ந்த கங்கைநாட்டு வெற்றியையும் கடார வெற்றியையும் கூறுகின்றது. ஆதலின் அப்பகுதி பிற்காலத்தில் இயற்றிச் சேர்க்கப்பட்டதாதல் வேண்டும் என்று அறிஞர் முடிவு செய்தனர். இவ்வாறு ஒவ்வொரு சான்றையும் நிறுத்துப் பார்த்து ஏற்பதே அரசகுல வரலாற்றை எழுதுவோரின் முதற்கடமையாகும்.

பிறப்பும் கல்வியும்

திருவாலங்காட்டினின்று தெற்கே நெடுந்தொலைவில், காவிரி பாயும் சோழநாட்டில், கும்பகோணத்திற்கு அண்மையில் திருப்புறம்பயம் என்னும் ஊர் உள்ளது. அவ்வூரில் 1892ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15ஆம் நாள் சதாசிவ பண்டாரத்தார் பிறந்தார். தந்தையார் வைத்தியலிங்கப் பண்டாரத்தார், தாயார் மீனாட்சியம்மையார். அவர்தம் பெயருக்கு முன்னுள்ள எழுத்துகள் பிறந்த ஊரையும் தந்தையார் பெயரையும் குறிப்பனவாகும்.

அவர் பிறந்த ஊர் வரலாற்றில் இடம்பெற்ற ஊராகும். ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாண்டியன் வரகுணன் ஒருபுறமும் பல்லவன் அபராசிதன் ஒருபுறமும் நின்று பெரும்போர் புரிந்த களம் திருப்புறம்பயமே. பல்லவனுக்குத் துணைவந்த கங்கமன்னன் முதற் பிருதிவீபதி அப்போரில் உயிர்துறந்தான். பாண்டியர் பின்வாங்கினர். வென்ற பல்லவர்க்கும் அவ்வெற்றி நெடுநாள் பயன்தரவில்லை. பல்லவர் பக்கம் நின்ற சோழரே அதன் பயனை எய்தி, சில ஆண்டுகளில் பேரரசர் ஆயினர். அபராசிதன் காலத்தில் எழுந்த வீரட்டானேசுவரர் கோயில் திருத்தணிகையில் இன்றும் உள்ளது. அவன் தோல்வியைக் கூறும் செப்பேடோ அத்திருத்தணிகை அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்திலேயே, திருவாலங்காட்டிற் கிடைத்தது. சோழநாட்டுச் சிற்றூர் ஒன்றில் நடந்த போருக்கும் தொண்டைநாட்டுக் கோயிலுக்கும் உள்ள தொடர்பு இதனாற் புலப்படும். இத்தகைய ஊரில் பிறந்த சிறுவர் பின்னாளில் சோழர் வரலாற்றை எழுதியது மிகப் பொருத்தமே.

இளமையில் அவர் தம் ஊரிலும் கும்பகோணத்திலும் கல்வி பயின்றார். அ. பாலசுப்பிரமணிய பிள்ளை என்பாரிடம் தமிழ் இலக்கண இலக்கியங்களைக் கற்றார். து. அ. கோபிநாதராயர் எழுதிய சோழவமிச சரித்திரச் சுருக்கம் என்னும் சிறு நூல் அவர் கைக்குக் கிடைத்தது. கல்வெட்டுகளைக் கொண்டு ஓர் அரச மரபின் வரலாற்றை எழுதலாம் என்பதை அந்நூல் அவர்க்கு உணர்த்தியது. சுருக்கமாக உள்ள இவ்வரலாற்றை விரிவாக எழுதுதல் வேண்டும் என்னும் வேட்கை அவருள்ளத்தில் வேரூன்றியது.

ஆசிரியப் பணியும் ஆராய்ச்சிப் பணியும்

1917ஆம் ஆண்டில் பண்டாரத்தார் கும்பகோணம் பாணாதுறை உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக அமர்ந்தார். 1942 வரை, 25 ஆண்டுகள், அப்பள்ளியிலேயே பணியாற்றினார். வரலாற்றைக் கல்லூரியிற் சென்று பயிலும் வாய்ப்பு அவர்க்குக் கிட்டியதில்லை. பெரிய நூல்நிலையமோ துணைபுரியும் உதவியாளரோ அவர்க்கு இல்லை. எனினும், அவர் வாழ்ந்த நாடே அவர்க்கு நூல்நிலையமாக விளங்கிற்று. கும்பகோணத்தைச் சூழ்ந்துள்ள கோயில்களின் சுவர்களெல்லாம் எழுத்துகளால் நிறைந்திருந்தன. அவற்றை அவர் நேரிற் சென்று படித்தார். அரசாங்கக் கல்வெட்டுத் துறையினர் வெளியிட்ட தொகுதிகளையும் ஆண்டறிக்கைகளையும் ஆழ்ந்து கற்றார்.

தாம் கண்ட உண்மைகளை அவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் செந்தமிழ், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் தமிழ்ப்பொழில் முதலிய இதழ்களிற் கட்டுரைகளாக வெளியிட்டார். 1930இல் முதற் குலோத்துங்க சோழன் என்னும் நூலும், 1940இல் பாண்டியர் வரலாறு என்னும் நூலும் வெளிவந்தன. ஆங்கிலத்தில் எழுதினாலன்றி வரலாற்றாராய்ச்சியாக மதியாத காலம் அது. அக்காலத்தில் தமிழ் மாணவரும் பொதுமக்களும் தம் நாட்டு மன்னரைப் பற்றித் தம் மொழியிலேயே அறிதல் வேண்டும் என்று அவர் கருதினார்.

முதற் குலோத்துங்கனின் வரலாறு அரச மரபுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடத்தலை நன்கு காட்டும். முதல் இராசராசனின் மகள் குந்தவை, கீழைச் சளுக்கிய மன்னன் விமலாதித்தனுக்கு மனைவியானாள். அவர்கள் மகன் இராசராச நரேந்திரன். அவன் முதல் இராசேந்திரனின் மகள் அம்மங்கதேவியை மணந்தான். இவ்விருவர்க்கும் பிறந்தவனே முதற் குலோத்துங்கன். தந்தைவழியில் சளுக்கியனாகவும், தாய்வழியிலும் பாட்டிவழியிலும் சோழனாகவும் இருந்த அவன், 1070இல் சோழர் அரியணை ஏறி ஏறத்தாழ 50 ஆண்டுகள் ஆண்டான். கலிங்கத்துப்பரணியின் பாட்டுடைத் தலைவனும் அவனே. இத்தகைய உறவுமுறைகளை ஒழுங்குபடுத்தாவிடில், அக்கால அரசியல் நிகழ்ச்சிகள் எவையும் நமக்கு விளங்கா.

கல்லெழுத்தைக் காலமாக்கும் முறை

ஒரு கல்வெட்டு எந்த மன்னனுடையது, எந்த ஆண்டினது என்று காண்பது எளிய செயலன்று. பழங்கல்வெட்டுகளில் இக்காலத்தைப் போல் தொடர்ந்துவரும் ஆண்டெண் பெரும்பாலும் காணப்படுவதில்லை. இன்ன மன்னனின் இத்தனையாவது ஆண்டு என்றே அவை கூறும். சோழமன்னர்களோ இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களை ஒருவர்பின் ஒருவராக மாறிமாறிப் புனைந்தனர். விசயாலயன் பரகேசரி; ஆதித்தன் இராசகேசரி; பராந்தகன் மீண்டும் பரகேசரி. இங்ஙனம் ஒரே பட்டம் பலர்க்கு உரியதாதலின், பட்டத்தை மட்டும் கொண்டு மன்னனை அறிதல் இயலாது.

ஆதலின் ஆராய்ச்சியாளர் பல வழிகளைக் கையாள்வர். எழுத்தின் வடிவம் காலத்திற்கேற்ப மாறுவதால், அதனை நோக்குவர். முதல் இராசராசன் காலமுதல் கல்வெட்டின் தொடக்கத்தில் மன்னனது வெற்றிகளைக் கூறும் மெய்க்கீர்த்தி அமைந்திருப்பதால், அதில் எந்த வெற்றிவரை சொல்லப்பட்டுள்ளது என்று பார்ப்பர். திதியும் நாண்மீனும் கிழமையும் குறிக்கப்பட்டிருப்பின், வானநூற் கணக்கால் நாளையே அறுதியிடுவர். கல்வெட்டில் வரும் அதிகாரிகள், குறுநில மன்னர், ஊர்கள் ஆகியவற்றின் பெயர்களையும் ஒப்பிடுவர். இவற்றோடு இலக்கியச் சான்றும் இயைந்துவரின் முடிவு உறுதிப்படும்.

இவ்விடத்தேதான் பண்டாரத்தாரின் தமிழ்ப்புலமை பெரிதும் பயன்பட்டது. கல்வெட்டுத் தமிழ் வழக்கொழிந்த சொற்கள் பலவற்றைக் கொண்டது. எழுத்துகள் சிதைந்தும் புள்ளியின்றியும் காணப்படும். இலக்கண அறிவும் இலக்கியப் பயிற்சியும் இல்லாதார் அவற்றிற்குப் பொருள் காணும்போது இடர்ப்படுவர். பழந்தமிழ் நூல்களைத் துறைபோகக் கற்ற ஆசிரியர்க்கோ கல்லிலுள்ள சொல்லும் ஏட்டிலுள்ள சொல்லும் ஒன்றற்கொன்று விளக்கமாயின.

ஒரு பழியும் அதன் விசாரணையும்

மன்னர் வரலாறு எழுதுவோர் நடுவர் போன்றவர். தமக்காக வாதாட இயலாத, என்றோ மறைந்த ஒருவர்மீது பழி சுமத்தவோ நீக்கவோ அவர் முற்படும்போது, பெரும் பொறுப்பு அவர்க்கு உண்டாகிறது. இதனை விளக்க ஒரு நிகழ்ச்சியைக் காண்போம்.

முதல் இராசராசனின் தமையன் ஆதித்த கரிகாலன். அவன் வீரபாண்டியனின் தலையைக் கொண்டவன். பட்டத்திற்குரிய அவ்விளவரசன் இளமையிலேயே இறந்தான். திருவாலங்காட்டுச் செப்பேடுகள், அவன் விண்ணுலகைக் காணும் விருப்பத்தால் மறைந்தான் என்ற அளவிலேயே கூறி அமைகின்றன. ஆனால், காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியிலுள்ள கல்வெட்டு ஒன்று, அவன் கொலையுண்டான் என்பதைத் தெளிவாக உரைக்கின்றது. கொலைக்கு உரியவர்களாகச் சோமன், இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் முதலியோர் அதில் குறிக்கப்படுகின்றனர். அவர்களுடைய நிலங்களும் உறவினருடைய நிலங்களும் பறிமுதல் செய்யப்பட்டது தொடர்பான செய்தியே அக்கல்வெட்டின் பொருளாகும்.

அக்கல்வெட்டு இராசகேசரியின் இரண்டாம் ஆண்டினது. ஆதித்த கரிகாலனுக்குப் பின் நாடாண்ட உத்தம சோழன் பரகேசரி. எனவே, இக்கல்வெட்டில் வரும் இராசகேசரி, 985இல் முடிசூடிய முதல் இராசராசனே ஆதல் வேண்டும். கொலை நிகழ்ந்து 15 ஆண்டுகட்கும் மேலான பின்னரே இவ்வாணை காணப்படுகின்றது. அங்ஙனமாயின், இடைப்பட்ட உத்தம சோழனின் ஆட்சியில் கொலைஞர் ஏன் தண்டிக்கப்படவில்லை? அவனும் அக்கொலைக்கு உடந்தையாயிருந்தானோ? இவ்வையத்தை எழுப்பியவருள் தலையாயவர் பேராசிரியர் கே. ஏ. நீலகண்ட சாத்திரியார். சோழர் வரலாற்றை 1935, 1937ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்ட பேரறிஞர் அவர். 1892ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 12ஆம் நாள், பண்டாரத்தார்க்கு மூன்று நாட்களே மூத்தவராகப் பிறந்தவர்.

இவ்வையத்தைப் பண்டாரத்தார் ஏற்கவில்லை. உத்தம சோழன்மேல் பழி சுமத்தல் பொருந்தாது என்று மறுத்தார். உடையார்குடிக் கல்வெட்டு உத்தம சோழனைக் குற்றவாளி என்று யாண்டும் கூறவில்லை. முன்னர்த் தண்டனை ஒன்றும் நிகழவில்லை என்றும் அது சொல்லவில்லை. திருவாலங்காட்டுச் செப்பேடுகளோ, குடிகள் வேண்டியபோதும், தன் சிற்றப்பனாகிய உத்தம சோழனுக்கு நாட்டின்மேல் விருப்பம் உள்ளவரை, அருண்மொழிவர்மன் மனத்தாலும் அரசை விரும்பவில்லை என்று உரைக்கின்றன. தமையனைக் கொல்வித்தவனிடம் ஒருவன் இவ்வாறு ஒழுகுவானா? குடிகளும் அதிகாரிகளும் அத்தகையவனை மன்னனாக ஏற்பரா? மேலும், உத்தம சோழனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன், இராசராசன் ஆட்சியில் கோயிற் காரியங்களை ஆராயும் உயர்ந்த பதவியில் இருந்தான் என்பதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. இவையாவும் எண்ணத் தக்கன.

இவ்வினா இன்னும் முற்றிலும் முடிந்துவிடவில்லை. அறிஞர் இன்றும் இருதிறப்பட்டே நிற்கின்றனர். எனினும், ஐயம் வேறு, சான்று வேறு என்பதையும், ஐயத்தைக் கொண்டு ஒருவர்மேல் குற்றம் நாட்டலாகாது என்பதையும் இவ்வாராய்ச்சியால் நாம் அறிகின்றோம். இருவரும் ஒரே கல்வெட்டையும் ஒரே செப்பேட்டையும் படித்தவர்களே. கருத்து வேறுபட்டும், இருவரும் சான்றை முன்வைத்தே எழுதினர். அறிஞர்தம் வழக்கு அதுவே.

பல்கலைக்கழகப் பணி

1942இல் பண்டாரத்தார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். பள்ளியில் மாணவர்க்குச் செய்யுளும் இலக்கணமும் கற்பித்த ஆசிரியர், தம் ஐம்பதாம் வயதில் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியாளராயினார். இளமையில் அவர் கொண்ட வேட்கை நிறைவேறுங் காலம் வாய்த்தது. பிற்காலச் சோழர் சரித்திரம் என்னும் பெருநூலின் முதற்பகுதியை 1949இலும் இரண்டாம் பகுதியை 1951இலும் அப்பல்கலைக்கழகம் வெளியிட்டது. விசயாலயன் எழுச்சி பெற்ற காலந்தொட்டு 1070 வரையுள்ள வரலாற்றை முதற்பகுதி கூறும். முதற் குலோத்துங்கன் முதலாகச் சோழர் ஆட்சி முடிவுற்ற 1279 வரையுள்ள வரலாற்றை இரண்டாம் பகுதி கூறும்.

மன்னர் வரலாறு மன்னரோடு முடிந்துவிடுவதன்று. அரசனின் பெயரால் தொடங்கும் கல்வெட்டு, பெரும்பாலும் ஊர்ச்சபையையும் ஏரியையும் நிலவரியையும் விளக்கெரிக்க விட்ட ஆடுகளையும் பற்றியே பேசுகின்றது. பெயர் தெரியாத உழவரும் கம்மியரும் அதிகாரிகளும் மன்னன் பெயரின் நிழலில் நமக்குக் காட்சியளிக்கின்றனர். எனவே, சோழர் காலத்து ஆட்சிமுறை, தொழில், வாணிகம், கல்வி, சமயம் முதலியவற்றைத் தனியே ஒரு பகுதியாக எழுத அவர் முற்பட்டார். அதுவே அந்நூலின் மூன்றாம் பகுதியாகும்.

கல்வெட்டறிவைக் கொண்டு இலக்கிய ஆசிரியர்களின் காலத்தையும் அவர் ஆராய்ந்தார். 13, 14, 15ஆம் நூற்றாண்டுகளின் தமிழ் இலக்கிய வரலாற்றை 1955இல் நூலாக்கினார். தாம் பிறந்த திருப்புறம்பயத்திற்கும் தல வரலாறு எழுதினார். 1956இல் மதுரைத் திருவள்ளுவர் கழகம் அவர்க்கு ஆராய்ச்சிப் பேரறிஞர் என்னும் பட்டத்தை வழங்கிப் பாராட்டியது.

1960ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 2ஆம் நாள் பண்டாரத்தார் இவ்வுலக வாழ்வை நீத்தார். பிற்காலச் சோழர் சரித்திரத்தின் மூன்றாம் பகுதி அதற்கு அடுத்த ஆண்டில், 1961இல், வெளிவந்தது. அச்சேறிய அந்நூலைக் காண அவர் இல்லை. எனினும் தொடங்கிய பணி முற்றுப்பெற்றது.

கற்க வேண்டுவது

சோழ மன்னர் தம் புகழ் நிலைக்க வேண்டுமெனக் கல்லிலும் செம்பிலும் எழுதுவித்தனர். ஆனால், எழுத்தைப் படிக்க வல்லார் இல்லாதபோது கல் வெறுங்கல்லே, செம்பு வெறுஞ்செம்பே. பல நூற்றாண்டுகள் அவை அந்நிலையிலேயே கிடந்தன. அவற்றைத் தேடியும் பெயர்த்தெழுதியும் பதிப்பித்தும் ஆராய்ந்தும் பலர் உழைத்ததனால்தான், இராசராசனும் இராசேந்திரனும் இன்று நாம் அறிந்த மன்னராக விளங்குகின்றனர்.

நம் ஊர்க் கோயிற் சுவரிலும் இத்தகைய எழுத்துகள் இருத்தல் கூடும். அவற்றின்மேல் வெள்ளையடித்தலும், ஆணி அறைதலும், திருப்பணியின்போது கற்களை முன்பின்னாக மாற்றி வைத்தலும் ஒரு நூலின் ஏடுகளைக் கிழித்தெறிதற்கு ஒப்பாகும். ஒரு வரி அழியின், ஒரு மன்னனின் காலம் மறையலாம். ஓர் ஊரின் பெயர் மறையலாம். பழி சுமந்த ஒருவனின் குற்றமின்மைக்கு இருந்த ஒரே சான்றும் மறையலாம். பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் தமிழறிவையும் விடாமுயற்சியையும் துணையாகக் கொண்டு ஒரு பேரரசின் வரலாற்றை எழுதினார். அவ்வெழுத்துகளை அழியாமற் காத்தலும், அவற்றைப் படிக்கக் கற்றலும் அவர்க்குப் பின்வந்த மாணவராகிய நமக்குரிய கடமையாகும்.